ஆயம்மா வளர்த்த பிள்ளை

பிள்ளைகளைப் பற்றிப் பேச்சியம்மாவுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது என்று எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் அவருக்கு ரொம்ப காலம் ஒன்றும் தெரியாமல் இருந்தது. அந்தப் பிள்ளையை வளர்த்தவரே அவர்தான் என்பதை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ராகலைக்கு மேலே இருக்கிறது. பெண்கள் காலையில் கொழுந்து பறிக்கப் போகும்முன் கைப்பிள்ளைகளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து விடுகிற இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மூன்று மொழியில் பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகை மாறியது, மூத்திர வாடை மாறவில்லை. அங்கே முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் பேச்சியம்மா. நானும் அவர் கட்டிய சேலைத் தொட்டிலில் ஆடியவள்தான். நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எங்கள் எல்லோருக்கும் அவர் ஆயம்மா. கட்டை உடம்பு, பெரிய குரல். அழுகிற சத்தத்தைக் கேட்டே பசியா வயிற்றுவலியா வெறும் அடமா என்று சொல்லிவிடுவார். ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவைத்து, கடிபட்டதின் தாய் சண்டைக்கு வந்தால், "பல்லு மொளைக்கிற புள்ள கடிக்காம பின்ன என்ன செய்யும்? நீயும் கடிச்சவதான், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். வந்தவள் சிரித்துக்கொண்டே போவாள்.

அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. கணவர் கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த வாயில்லாப் பூச்சி. அறை அறையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பரா அவர்களுடையது. நடுவில் ஒரு செங்கல் கனத்தில் ஒரு சுவர். அங்கே இருமினால் இங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். அதனால் நான் சொல்கிறவற்றில் பாதி பார்த்தவை, பாதி சுவர் வழியாகக் கேட்டவை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அது நடந்தது. அழகம்மா என்று ஒரு கொழுந்துக்காரி. அன்றைக்கு மத்தியானம் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, இன்னும் ஒரு வயது நிரம்பாத தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, தலை நோகிறது, பின்னேரம் மலைக்குப் போகவில்லை, வீட்டில் படுக்கிறேன் என்று ஆயம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் அவள் புருஷன் செல்லசாமி குடித்துவிட்டு இருந்திருக்கிறான். சோறு ஆறிப்போனதால் சண்டை என்றார்கள், வேறு என்னென்னவோ காரணமும் சொன்னார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த விறகுக் கட்டையால் அடித்தான். ஒரே அடி. அவள் எழும்பவேயில்லை.

சாயந்தரம் தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு ஒரு பிள்ளை மிஞ்சியது. ஆயம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தபடி இருந்தார். பொலிஸ் ஜீப் லயத்துப் பக்கம் ஏறிப்போனதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்து, சுடுதண்ணீரில் துடைத்து, மாவுப்பால் கரைத்துக் கொடுத்தார். அவன்தான் திலக்ஷன்.

சாவுக்கு உடப்புசல்லாவையிலிருந்து அழகம்மாவின் அண்ணன் வந்திருந்தார். பிள்ளையை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எங்க தங்கச்சி புள்ளதான், இல்லேங்கல. ஆனா கொன்னவன் ரத்தமும்ல அதுல ஓடுது. நாளைக்கு எங்க வீட்டுக்குள்ளயே கட்டையத் தூக்குனா என்னா செய்யிறது?"

கட்டையைத் தூக்குவான் என்று அவர் பயந்த ஆள் அப்போது ஆயம்மாவின் மடியில் கிடந்து தன் கால் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். ஆயம்மாவுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "நீயெல்லாம் ஒரு மாமனா, எந்திரிச்சுப் போ. இனி இது என் புள்ள" என்று அவரை வாசலோடு விரட்டினார். அன்றைக்கு ஆயம்மாவைப் பார்த்து லயமே அழுதது.

ஆனால் மாமனை விரட்டியவர் மாமன் சொன்ன சொல்லை விரட்டவில்லை. அது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

திலக்ஷனுக்கு இரண்டு வயது இருக்கும்போது பிள்ளைக்காம்பராவில் ஒரு பெண் பிள்ளையைக் கடித்துவிட்டான். ஆயம்மா எத்தனை கடியைப் பார்த்தவர்! இந்த ஒரு கடிக்கு அவர் முகம் வெளுத்துப்போனது. அன்று சாயந்தரமே அவனைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கையில் கயிறு கட்டி, உப்பு சுற்றி, ஒரு வருஷம் மாமிசம் தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்தார். கந்தப்பன் மாமா வாழ்க்கையில் வாய் திறந்த சில தடவைகளில் அதுவும் ஒன்று. "எல்லாப் புள்ளையும் கடிக்கும்னு நீதானே சொல்லுவ?" என்று கேட்டார். "இவன் எல்லாப் புள்ளையும் மாதிரியா?" என்றார் ஆயம்மா. சுவருக்கு இந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்த எனக்கு அது கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். அப்போது புரிந்திருக்காது, அவ்வளவுதான்.

அவர் அவனை வளர்த்த விதம் எங்கள் தோட்டத்தில் வேறு யாரும் வளர்க்காத விதம். மனிதர் மேல் கை ஓங்காதவனாக வளரவேண்டும் என்றால் பச்சைப் பிள்ளைகளோடு வளரவேண்டும் என்று அவராக ஒரு முடிவு செய்துகொண்டார். ஐந்து வயதோடு பிள்ளைக்காம்பராவை விட்டுப் போகவேண்டியவனை, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே வரவைத்தார். மற்றப் பையன்கள் பந்து விளையாடும்போது அவன் தொட்டில் ஆட்டினான். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைக்க அவனுக்குப் பத்து வயதில் தெரியும். பிள்ளைகள் அவனிடம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆயம்மா அவனைக் கைப்பிள்ளையோடு தனியாக விடமாட்டார். அடுப்பில் கஞ்சி பொங்கினாலும் வாசலில் யார் கூப்பிட்டாலும், ஒன்று அவனையும் கூட்டிக்கொண்டு போவார், இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்.

இன்னொன்று பீலி. எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழுகிற இடம். ராகலைக் குளிரில் அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தால் மண்டை விறைத்துவிடும். "கோவம் வந்தா யார்கிட்டயும் ஒண்ணும் பேசாத. நேரா பீலிக்கு ஓடிப்போய்த் தலைய நனை. அது எறங்குற மட்டும் நனை" என்று அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுத்தார். ஏன் என்று அவன் கேட்டிருக்கிறான். "ஒங்கப்பனுக்கு ஒரு நிமிஷம் அடங்கத் தெரியல. ஒனக்குத் தெரியணும்" என்பதுதான் பதில். அப்புறம் லயத்துப் பிள்ளைகள் மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த உதவியை மட்டும் எங்கள் ஆட்கள் யாருக்கும் மறக்காமல் செய்துவிடுவார்கள்.

இப்படியாக அவன் வளர்ந்தான். பீடி இல்லை, சாராயம் இல்லை, சத்தம் இல்லை. ராகலையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் கரட் மூட்டையும் லீக்ஸ் மூட்டையும் லொறியில் ஏற்றுகிற வேலை. கடைக்காரர் ஏதாவது கடுமையாகச் சொன்னால் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வந்து அடுத்த மூட்டையைத் தூக்குவான். லயத்தில் ஆயம்மாவைப் பாராட்டாத ஆள் இல்லை. "என்னா வளப்பு! அந்த ரத்தத்தையே மாத்திப்புட்டாங்க" என்பார்கள். ஆயம்மாவுக்குப் பெருமையாக இருக்கும். கூடவே, இன்னும் எவ்வளவு நாளைக்கு என்ற பயமும் கண்ணில் ஓடும்.

எனக்கு இந்த ரத்தக் கதை எப்போதும் எரிச்சலைத்தான் தரும். என்னோடு பிறந்த அண்ணன்மார் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சட்டியில் தின்று வளர்ந்தவர்கள். ஒருவன் கோயில் வேலை என்றால் முதல் ஆளாக ஓடுவான். இன்னொருவன் கோயில் தேங்காயோடு ஓடுவான். இதில் ரத்தம் எது, வளர்ப்பு எது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல யாராவது வரட்டும் பார்க்கலாம்.

ராகலையில் நூர்தீன் முதலாளியின் துணிக்கடையில் நான் வேலை செய்கிறேன். என்னோடு பூரணி என்று ஒரு பெண் வேலைக்கு வந்தாள். உடப்புசல்லாவைப் பக்கம். வாய் ஓயாமல் பேசுவாள், பேசிய வேகத்தில் சிரிப்பாள். திலக்ஷன் ஆயம்மாவுக்குச் சேலை எடுக்க வந்த இடத்தில் இரண்டு பேருக்கும் பழக்கம். அவள் வீட்டில் பூகம்பமே நடந்தது. கொலைகாரன் மகனுக்கா என்றார்கள். "நான் அவரத்தானே கட்டிக்கிறேன், அவங்கப்பாவையா கட்டிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு அவள் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு முன்பே கந்தப்பன் மாமா செத்துப்போயிருந்தார். ஆயம்மா, திலக்ஷன், பூரணி என்று மூன்று பேரும் அந்தக் காம்பராவில் இருந்தார்கள்.

பூரணிக்கு வயிறு தெரியத் தொடங்கிய நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்ன நாளை அவன் மறந்துவிட்டான் என்று அவள் பிடித்துக்கொண்டாள். நியாயமான கோபம்தான். அவன் பதில் பேசாமல் பீலிப் பக்கம் போகப் பார்த்தான். அவள் வாசலில் நின்று மறித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாலும் போய்த் தலைய நனைச்சிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசுறேன்? வாயத் தொறந்து திட்டுங்களேன், பாப்போம்!"

அவன் கை எழும்பியது. கதவைத் தள்ளவோ அவளை ஒதுக்கவோ, அவனுக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஆயம்மா, "டேய்!" என்று ஓர் அலறல் போட்டு ஓடிவந்து, பூரணியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

பூரணி திகைத்துப்போனாள். "ஐயோ, அவரு கதவத்தான் தள்ளப் போனாரு. நீங்க ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றாள். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவன் சிரிக்கவில்லை. எழும்பிய கையை இன்னும் இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆயம்மாவின் முகத்தைப் பார்த்தான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டான்.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. வீட்டுச் செலவுக்கு மாதம் தவறாமல் அனுப்பினான். ஆள் மட்டும் வரவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். அப்போதும் வரவில்லை. பூரணி போனில் கெஞ்சினாள், திட்டினாள், அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஒரு நாள் ஆயம்மா என் கைபேசியில் அவனைக் கூப்பிடச் சொன்னார். பேசுவது வெளியே கேட்கும்படி வைத்தேன்.

"புள்ளையப் பாக்க ஆசையில்லையாடா ஒனக்கு?"

"ஆசை இருக்கும்மா. ஆனா நான் அங்க இல்லாம இருந்தாத்தான் புள்ளைக்கு நல்லது. அந்த ரத்தம் எப்ப என்னா செய்யும்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்குக் கத்தியிருக்க மாட்டீங்க."

போன் அணைந்தது. ஆயம்மா கையைப் பிசைந்துகொண்டு இருந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பூரணியின் தாய் வீட்டில், பிள்ளையோடு வந்துவிடு, வேறு வழி பார்ப்போம் என்று ஆள் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். பூரணியும் தைப்பொங்கல் வரைதான் பார்ப்பேன் என்று என்னிடம் கடையில் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒரு பெண், வீட்டில் இல்லாத ஆளோடு குடும்பம் நடத்துவாள்?

அப்படி இருக்கும்போதுதான் செல்லசாமி வந்தான்.

வெசாக் பண்டிகைக்கு மன்னிப்புக் கொடுத்துச் சிறையிலிருந்து விடுகிற ஆட்களில் ஒருவனாக வெளியே வந்து, வெலிமடைப் பக்கம் யாருடையதோ உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான். ஒரு நாள் எங்கள் கடைக்கு முன்னால் ஒரு மெலிந்த மனிதன் நின்றான். அவன் வீதியைக் கடந்து வந்த நடையைப் பார்த்தே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இடது தோளைக் கொஞ்சம் முன்னே தள்ளி நடக்கிற நடை. திலக்ஷன் நடக்கப் பழகும்முன்பே இவன் சிறைக்குப் போய்விட்டான். பார்த்துப் பழக வழியே இல்லை. ஆனாலும் அச்சு அசல் அதே நடை. ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று அதுவரை வாயடித்துக்கொண்டிருந்த நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

"தங்கச்சி, நீங்க மேல் தோட்டம்தானே? பேச்சியம்மாக்கா இன்னும் இருக்காங்களா? நான் தோட்டத்துக்குள்ள வரல. அவங்களக் கும்பிட்டுட்டுப் போயிரணும்னு ஒரு எண்ணம்" என்றான்.

நான் போய்ச் சொன்னதும் ஆயம்மா அழுவார், சபிப்பார் என்று நினைத்தேன். "நாளைக்கு என்னையக் கூட்டிப் போ. அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. செல்லசாமி எழுந்து காலில் விழப்போனான். ஆயம்மா காலை இழுத்துக்கொண்டார். "உக்காரு" என்றார். உட்கார்ந்தான். ஆயம்மா கேட்டது நானே எதிர்பாராதது.

"ஒங்கப்பன் எப்படிப்பட்ட ஆளு?"

அவனும் எதிர்பார்க்கவில்லை. "எங்கப்பாவா?" என்று விழித்தான். "அவரு ரொம்பச் சாதுக்கா. கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டு ஆளத்தான் கூப்பிடுவாரு. எங்கம்மாவ ஒரு நாள் கை நீட்டிப் பாத்ததில்ல."

"அவங்கப்பன்?"

"அவரையும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்ப ஒனக்கு எங்கருந்துடா வந்துச்சு?"

ஆயம்மாவின் குரல் உடைந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்லசாமி தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கருந்தும் வரலக்கா. உள்ள இருக்கையில வந்து பேசுறவங்க எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. சின்ன வயசுல அடி வாங்குனியா, அப்பன் குடிச்சானா, குடும்பத்துல யாரும் இப்படி இருந்தாங்களான்னு. ஆமான்னு சொல்லியிருந்தா எனக்குச் சொகமா இருந்திருக்கும். ஆனா அப்படி ஒண்ணும் இல்லியே. ஓங்குன கட்டையக் கீழ போடலாம்னு அந்த நேரத்துல எனக்குத் தெரியும்க்கா. குடிச்சிருந்தேன், ஆனாலும் தெரியும். தெரிஞ்சும் போடல. அதப் போயி ரத்தத்துத் தலையில கட்ட என்னால முடியல. நான்தான் செஞ்சேன்."

அப்புறம் அவன் தலை நிமிராமலே, "பய நல்லா இருக்கானா?" என்று கேட்டான். ஆயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பாக்கணும்னு கேக்கல. அவன் ஒங்க புள்ள" என்று சொல்லிவிட்டு, மூவருக்கும் தேநீர்க் காசைக் கொடுத்துவிட்டு அவன் வெலிமடை பஸ்ஸில் ஏறிப்போனான். அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அழகம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவன் பொய் சொல்லவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பி ஏறும்போது ஆயம்மா பாதியில் வீதியோரப் பாலக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"சர்மிளா, அவன் ரத்தத்துல ஒண்ணும் இல்லேன்னா, எம்புள்ளைக்கு இந்தப் பயத்தக் குடுத்தது யாருடி?"

பதில் என் நுனி நாக்குவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவருக்கே தெரிந்துவிட்ட பிறகு நான் வேறு சொல்ல வேண்டுமா?

அந்த வாரமே இருவரும் கொழும்புக்குப் போனோம். ஆயம்மா அதற்கு முன் கண்டியைத் தாண்டியதில்லை. பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். புறக்கோட்டை நெரிசலில் கடையைத் தேடிக் கண்டுபிடித்தபோது திலக்ஷன் முதுகில் வெங்காய மூட்டையோடு வந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"புள்ளைக்கு என்னாம்மா?"

முதல் கேள்வியே அதுதான். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கியிருந்த இடத்தில் எங்களை உட்காரவைத்தான். ஆயம்மா செல்லசாமியைப் பார்த்ததைச் சொன்னார், அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். கடைசியில், "ஒன் ரத்தத்துல ஒண்ணும் இல்ல சாமி. இருக்குன்னு நெனச்சது நான்தான். நான்தான் ஒன்னையக் கெடுத்தேன்" என்றார்.

அவன் பக்கத்துச் சாக்கின் நூலைப் பிய்க்க ஆரம்பித்தான். எப்போதும் போல மெல்லத்தான் பேசினான்.

"ரெண்டாம் வகுப்புல ஒருத்தன் என் பென்சில ஒடச்சிட்டான். வேற புள்ளையா இருந்தா அவன ரெண்டு போட்டிருப்பான், டீச்சர்கிட்ட ரெண்டு வாங்கியிருப்பான், முடிஞ்சிருக்கும். நான் குழாயடிக்கு ஓடினேன். கோவம் வந்தா மனுசனுக்கு என்னா ஆகும்னே எனக்குத் தெரியாதும்மா. ஒரு தடவகூட முழுசாக் கோவப்பட்டுப் பாத்ததில்ல. அது எங்க போய் நிக்கும்னு தெரியாமத்தான் ஓடி வந்தேன்." சாக்கு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "அன்னைக்குப் பூரணி பயப்படலம்மா. நீங்கதான் பயந்தீங்க. ஒண்ணு மட்டும் கேக்கவா? என்னையத் தூக்கிட்டு வந்த நாள்லருந்து, ஒரு நாளாவது பயமில்லாம என்னையப் பாத்திருக்கீங்களா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லிவிடுங்கள் ஆயம்மா என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவர் சொல்லவில்லை.

"இல்ல சாமி."

திலக்ஷன் தலையை ஆட்டினான். அழவில்லை. எழுந்து எங்களைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனான். ஆயம்மா தட்டில் மீனில் முள் எடுத்து வைத்தான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பியபோது அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஆயம்மா அந்த ஒரு பதிலால் பிள்ளையை இழந்துவிட்டார் என்றே நான் நினைத்தேன்.

மார்கழி முடிகிற நேரம். பூரணி பெட்டியைக்கூட அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஞாயிறு காலை, பனி விலகாத நேரத்தில், திலக்ஷன் ஒரு பையோடு லயத்துப் படியேறி வந்தான். ஆயம்மா அவனைப் பார்த்தார். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, எழுந்து என் காம்பராவுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். அவன் உள்ளே போனான். அங்கே பூரணியும் பிள்ளையும் மட்டும்தான்.

அப்புறம் பூரணி ஆரம்பித்தாள். எத்தனையோ மாதம் சேர்த்துவைத்த பேச்சு. வலி வந்தபோது அவன் பக்கத்தில் இல்லாததிலிருந்து, பிள்ளைக்குப் பெயர் வைத்ததுவரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். லயத்தில் மற்றவர்களும் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். இப்போது கதவு திறக்கும், அவன் பீலிக்குப் போவான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கவில்லை.

"நான் மட்டும் அங்க சொகமாவா கெடந்தேன்?"

சுவர் அதிர்ந்தது. அது யார் குரல் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை. அவன் கத்தினான். வருஷக்கணக்காக அடைத்துக் கிடந்ததெல்லாம் வாய் வழியாக வந்தது. பூரணியைத் திட்டினான், மாமனைத் திட்டினான், லயத்தைத் திட்டினான், தன்னைத் தானே திட்டினான். பூரணியும் விடவில்லை. பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்தது.

ஆயம்மா பாதி எழுந்துவிட்டார். வெளியே லயமே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கும் கால் எழும்பியது. இத்தனை நாள் வாயடித்த நானும் அந்த ஒரு கணம் செல்லசாமியைத்தான் நினைத்தேன்.

"பாத்துங்க, அது புள்ளைக்குக் கஞ்சி வச்ச சட்டி!"

"கால் தட்டிருச்சு! வழியில வச்சா தட்டாம என்னா செய்யும்?"

மறுபடியும் சண்டை பிடித்துக்கொண்டது. சத்தத்தில் பிள்ளை வீறிட்டது. உடனே அதே குரல், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓ ஓ ஓ… இல்லடா ராசா, ஒண்ணுமில்லடா, அப்பாதான்டா" என்றது. தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. பிள்ளை அடங்கியதும், "ஒரு போன் எடுத்தா கொறஞ்சா போயிருவ நீ?" என்று அவளிடம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

ஆயம்மா மெல்ல உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவுமில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு சண்டையை ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"எம்புள்ள கொரல் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான்டி கேக்குறேன்" என்றார்.